ஒரு பல் பிந்தி

பிப்ரவரி 2

ஃபோர்மேனுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் மாற்றல் வாங்கிக்கொண்டு போன எட்டு மாதத்தில் இது என் முதல் கடிதம். ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். போன் செய்திருக்கலாமே என்று தோன்றும். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் அதற்குப் பதிலும் சொல்லி, அந்தப் பதிலுக்கு நீங்களே சிரித்தும் முடித்துவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது. ஆகவே நீங்களும் எழுதுங்கள். போன் செய்தால் எடுக்கமாட்டேன்.

விஷயம் வண்டி. போன ஞாயிறு மலைச் சாலையில், மூன்றாவது வளைவில் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் ஒரே வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் காப்பி மாதிரி ஒட்டியிருக்கிறது. ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, என்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற காஸ்கெட் போய்விட்டது என்று நானே கண்டுகொண்டேன். பதினெட்டு வருடம் ஒரு பஸ் டிப்போ ஃபோர்மேனோடு குடும்பம் நடத்தியவளுக்கு இதுகூடக் காதில் விழாமல் இருந்திருக்குமா?

கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு முன்னால் கொட்டகையில் போட்டிருக்கிறேன். பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர், "இதைப் பிரிக்கிறது வேஸ்ட்டும்மா, பேசாம எடைக்குப் போட்டுடுங்க" என்றார். இன்னொருவர் வண்டியையே பார்க்கவில்லை. "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். இருவரையும் அனுப்பிவிட்டேன். நானே பிரிக்கப் போகிறேன்.

சிரித்து முடித்தாயிற்றா? சரி.

எனக்கு இந்த வண்டி ஓடியாக வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் திறக்கிறார்கள். என்னைப் பொறுப்பாளராகக் கேட்டிருக்கிறார்கள். மார்ச் முதல் தேதி சேர வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு ஏழு மணிக்கு ரத்தம் எடுக்க வேண்டும், முதல் பஸ் அங்கே போய்ச் சேருவதே ஒன்பதரைக்கு. வண்டி மலை ஏறினால் அந்த வேலை எனக்கு, ஏறாவிட்டால் வேறு யாருக்கோ. இருபத்திரண்டு வருடம் மற்றவர்கள் கையெழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதை விடுவதாக இல்லை. இருந்த விடுப்பை எல்லாம் எடுத்துவிட்டேன்.

பழைய புத்தகக் கடையில் நீங்கள் வாங்கிவந்து ஒருநாளும் திறக்காத ரிப்பேர் புத்தகம் இருக்கிறதே, அதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஒன்றுதான் கேட்க வேண்டும். டார்க் ரெஞ்ச் எங்கே? போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்குமே, அந்த நீள ஸ்பேனர்.

மகள் விடுதியில் சாப்பாடு சரியில்லை என்கிறாள். அதாவது நலமாக இருக்கிறாள்.

இப்படிக்கு,
லேப்


பிப்ரவரி 6

அன்புள்ள லேப் அம்மாவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று பயந்துவிட்டேன். டீ குடித்துத் தெம்பு ஏற்றிக்கொண்டுதான் பிரித்தேன். வெறும் காஸ்கெட்தானா! இப்படி ஒரு காஸ்கெட் போனதற்காகச் சந்தோஷப்பட்ட ஃபோர்மேன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டார்க் ரெஞ்ச் படுக்கையறைப் பரண்மேல், என் பழைய யூனிஃபார்ம் பையில் இருக்கிறது. அங்கே ஏன் என்று கேட்காதே. உன் அண்ணன் இரவல் கேட்டபோது ஒளித்து வைத்தது.

இங்கே நான் டிப்போவுக்கு எதிரே ஒரு டயர் கடை மாடியில் இருக்கிறேன். சன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். டிப்போவில் அறுபத்திநாலு பஸ், அதில் நாற்பது ஓடும், மீதி நான் ஓட வைக்க வேண்டும். ராஜா மாதிரி இருக்கிறேன், போ.

வேலை விஷயம் கேட்டுச் சந்தோஷம். ஆனால் தினமும் மலை ஏறி இறங்குவது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். உனக்கே தெரியும். கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு, சூடு காட்டும் முள்ளைப் பார்க்காமல் ஓட்டுவாய். போன ஞாயிறும் அப்படித்தான் ஆகியிருக்கும். நான் குறை சொல்லவில்லை. நீ ஓட்டினால் வண்டி மலை ஏறாது, மலைதான் இறங்கி வர வேண்டும் என்று நம் வீட்டில் எல்லோரும் சிரிக்கிற விஷயம்தானே.

ஹெட்டைக் கழற்றலாம், காஸ்கெட் மாற்றலாம், அதெல்லாம் பொறுமை இருந்தால் போதும், அது உனக்கு நிறையவே உண்டு. ஆனால் டைமிங் பக்கம் போகாதே. பிஸ்டன் எப்போது மேலே வருகிறது, வால்வு எப்போது திறக்கிறது, தீப்பொறி எப்போது விழுகிறது, மூன்றும் ஒன்றுக்கொன்று பிசகக் கூடாது. புத்தகத்தைப் பார்த்து வருகிற வேலை இல்லை அது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். ஒரு மணி நேர வேலை. முடித்துக் கொடுத்துவிட்டு, ஒருவாய் தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

அன்புடன்,
ஃபோர்மேன்


பிப்ரவரி 10

ஃபோர்மேனுக்கு,

டார்க் ரெஞ்ச் கிடைத்தது. கூடவே என் அண்ணன் ஐந்து வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிற அவருடைய வெட்டுக்குறடும் கிடைத்தது. அவரிடம் சொல்லவில்லை.

வர வேண்டாம். கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் வந்தால் பத்து நிமிடத்தில் ஸ்பேனர் உங்கள் கையிலும் டார்ச் என் கையிலும் இருக்கும். பதினெட்டு வருடம் டார்ச் பிடித்தாயிற்று. அதிலும், "அங்க ஏன் காட்டுறே, இங்க காட்டு" என்ற பேச்சு வேறு.

ஹெட் வெளியே வந்துவிட்டது. பத்து போல்ட்டையும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும்படி, புத்தகம் சொன்ன வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஒவ்வொரு போல்ட்டும் எண் எழுதிய தனித்தனிப் பையில் இருக்கிறது. லேபில் ரத்தம் பிடித்த குழாய்க்குப் பெயர் ஒட்டாமல் கீழே வைத்தால் அது ரத்தம் அல்ல, வெறும் சிவப்புத் தண்ணீர். அந்தப் பழக்கம் இங்கே உதவுகிறது. காஸ்கெட் இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் கருகியிருந்தது. ஹெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் லேத் பட்டறைக்குப் போனேன். லேத்காரர் இரும்புச் சட்டத்தை வைத்து மட்டம் பார்த்தார். கொஞ்சம் வளைந்திருக்கிறதாம், தேய்த்துத் தருகிறேன் என்றார். அதிகம் பேசாத மனிதர். "ரொம்ப நாளா சூடாவே ஓடியிருக்கு, ஒரு நாள்ல வந்ததில்லை இது" என்று மட்டும் சொன்னார்.

இப்போது என் சந்தேகம். கேம் புல்லியில், அதாவது வால்வுகளைத் திறக்கிற தண்டின் பல்சக்கரத்தில், ஒரு புள்ளி இருக்க வேண்டும், பெல்ட்டை மாட்டும்போது அது ஹெட்டில் உள்ள கோட்டுக்கு நேராக வர வேண்டும் என்கிறது புத்தகம். புள்ளி இருக்கிறது, இரும்பிலேயே அச்சடித்தது. ஆனால் அதற்குப் பக்கத்துப் பல்லில் வெள்ளை பெயிண்டில் இன்னொரு புள்ளியும் இருக்கிறது. பிரிக்கும்முன் பார்த்தேன், கோட்டுக்கு நேராக நின்றது அந்த வெள்ளைப் புள்ளிதான். ஆறு வருடம் முன்பு பெல்ட் மாற்றியது நீங்கள். பெயிண்டும் உங்களுடையதாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. தீப்பொறியை முன்னே பின்னே தள்ளுவதற்காக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைக்க ஒரு பள்ளம் விட்டிருக்கிறார்கள் அல்லவா? போல்ட் அந்தப் பள்ளத்தின் நடுவாக்கில் நிற்கும் என்று படத்தில் போட்டிருக்கிறது. நம் வண்டியில் அது ஒரு கோடிக்குப் போய் முட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குமேல் திருப்ப இடமே இல்லை.

எந்தப் புள்ளிக்கு வைக்கட்டும்? எதற்கு இரண்டு?

லேப்


பிப்ரவரி 14

அன்புள்ள லேப் அம்மாவுக்கு,

நீ கேட்டதற்கு முதலில் பதில். வெள்ளைப் புள்ளிக்கே வை. அச்சுப் புள்ளி கம்பெனியில் புது என்ஜினுக்கு வைத்தது. ஓடித் தேய்ந்த என்ஜினுக்கு அது ஒத்துவராது. நான் ஓட்டிப் பார்த்து, காதால் கேட்டு வைத்த இடம் அது. டிஸ்ட்ரிபியூட்டரையும் இருந்த இடத்திலேயே வைத்துவிடு. இருந்தது இருந்தபடி இருக்கட்டும். நோண்டாதே.

போல்ட்டை இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வேண்டும், மூன்று சுற்றாக. ஒரே மூச்சில் இறுக்கினால் புதுக் காஸ்கெட்டும் போச்சு. பெல்ட் மாட்டியதும் சாவியைப் போட்டுவிடாதே. கீழே பெல்ட்டைச் சுழற்றுகிற கிராங்கை ஸ்பேனரால் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார். புள்ளி திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். பெல்ட்டை இழுத்துக் கட்டும்போது வால்வு ஸ்பிரிங் உந்தி கேம் ஒரு பல் நழுவிவிடும். கெட்டிக்கார மெக்கானிக்குகளுக்கே நழுவும்.

மகள் எனக்கும் எழுதினாள். "அம்மா கொட்டகையிலேயே குடியிருக்காங்க, கேட்டா 'அப்புறம் பேசுறேன், கையில கிரீஸ்'ங்கறாங்க" என்கிறாள். நீ நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே புது மேலாளர் வந்திருக்கிறார், டீசலுக்கும் பெட்ரோலுக்கும் வித்தியாசம் தெரியாதவர். அவரை வைத்துக்கொண்டு நாள் ஓடுகிறது. டயர் கடைக்காரர் கிளி வளர்க்கிறார். அது நாள் முழுக்க ஹார்ன் அடிக்கிறது. மழை இல்லை.

வேறென்ன. வெள்ளைப் புள்ளி. மறந்துவிடாதே.

அன்புடன்,
ஃபோர்மேன்


பிப்ரவரி 18

ஃபோர்மேனுக்கு,

வண்டி ஓடுகிறது.

முதலில் நீங்கள் சொன்னபடியே செய்தேன். வெள்ளைப் புள்ளி, டிஸ்ட்ரிபியூட்டர் கோடியில், கையால் இரண்டு சுற்று. மூன்றாவது தடவை சாவி திருப்பியதும் கிளம்பியது. ஆறு வருடமாக எனக்குப் பழகிய அதே சத்தம். கொட்டகையில் தனியாக நின்று கைதட்டினேன். பக்கத்து வீட்டு ரிட்டையர்டு தலைமையாசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு, அவரும் தட்டினார்.

மலைக்குக் கொண்டுபோனேன். முதல் வளைவுக்கு முன்பே மூன்றாம் கியரில் மூச்சு வாங்கியது. இரண்டுக்கு இறக்கினேன். இரண்டாவது வளைவில் ஒன்றுக்கு. கிளட்ச் மேல் கால் இல்லை என்பதைக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டேன். முள் ஏறத் தொடங்கியதும் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு மேடு வராது, வேலையை விட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டுக்கு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன். பரிசோதனைக் கூடத்துக்கு என்ன எழுதுவது என்றுகூட மனதுக்குள் வாக்கியம் அமைத்துவிட்டேன்.

வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. ஒரே ரத்தத்துக்கு இரண்டு விதமாக முடிவு வந்தால், எது சரி என்று யாரிடமும் கேட்கமாட்டோம். இரண்டாவது முறையிலும் செய்து பார்ப்போம். இதற்கு மட்டும் ஏன் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்?

மறுநாள் பெல்ட்டைத் திரும்பக் கழற்றி அச்சுப் புள்ளிக்கு வைத்தேன். முதல் தடவை நீங்கள் சொன்ன மாதிரியே ஸ்பிரிங் உந்தி நழுவியது. கையால் சுற்றிப் பார்த்ததால் தெரிந்தது. இரண்டாம் தடவை நின்றது. டைமிங் லைட்டை லேத்காரர் கொடுத்தார். அந்த வெளிச்சத்தில் பார்த்துத் தீப்பொறியைச் சரிசெய்தபோது டிஸ்ட்ரிபியூட்டர் பள்ளத்தின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்தது, படத்தில் இருக்கிறபடியே.

அதே சாலை, அதே பெட்ரோல், ஓட்டியதும் அதே நான். மூன்றாம் கியரில் ஏறியது. ஏழு வளைவும். முள் பாதிக்கு மேல் போகவில்லை. உச்சியில் நிறுத்தவும் தோன்றாமல் அந்தப் பக்கம் இறங்கி, ஊருக்குள்ளேயே போய்விட்டேன். பரிசோதனைக் கூடத்துக்குப் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா இருந்த தெரு வழியாகத் திரும்பினேன். இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள் காய்ந்தன. வழியில் ஓரமாக நிறுத்தி அழுதேன். சந்தோஷத்தில் அல்ல, கோபத்தில். அதை உங்களிடம் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆறு வருடமாகக் கேம் ஒரு பல் பிந்தி ஓடியிருக்கிறது. வால்வு பிந்தித் திறக்கும், மேட்டில் இழுவை இருக்காது. டிஸ்ட்ரிபியூட்டரும் கேமோடுதான் சுழல்கிறது, கூடவே பிந்துகிற தீப்பொறியைச் சரிக்கட்ட அதைக் கோடிக்குத் தள்ள வேண்டியிருந்திருக்கிறது. மேட்டில் அழுத்தி அழுத்திச் சூடேறி, கடைசியில் காஸ்கெட் போயிருக்கிறது.

ஒரு கேள்விதான். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் நீங்கள் ஒருமுறை கவனக்குறைவாக இருந்திருக்கிறீர்கள். அது யாருக்கும் வரும். தெரியும் என்றால் என்ன சொல்வதென்று எனக்கு இப்போது தெரியவில்லை.

லேப்


பிப்ரவரி 19

அன்புள்ள லேப் அம்மாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வருவதற்கு முன்பே எழுதுகிறேன். போன கடிதத்தில் நான் எழுதியது பொய். தபால் பெட்டியில் போட்ட கையோடு, அதைத் திறந்து எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். போஸ்ட்மேன் வந்து, "என்ன சார், ஏதாவது உள்ள விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

அச்சுப் புள்ளிதான் சரி. அதற்கே வை. வெள்ளைப் புள்ளி என் தப்பு.

ஆறு வருடம் முன்பு அந்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வந்திருந்தார். ஒரு மணி நேரத்தில் பெல்ட் மாற்றிக் காட்டுகிறேன் என்று மச்சானிடம் சவால் விட்டேன். ஐம்பத்தைந்து நிமிடத்தில் முடித்தேன். கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்க்கவில்லை. டிப்போவில் எவனாவது சுற்றாமல் விட்டால் சட்டையைப் பிடிப்பேன். என் வீட்டில், என் வண்டிக்கு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

அடுத்த வாரமே நீ, "வண்டி மேடு ஏற மாட்டேங்குதுங்க" என்றாய். நான் விளையாட்டாக, நீ ஓட்டினால் மலைதான் இறங்கி வரணும் என்றேன். உன் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கப்புறம் அவர் வரும்போதெல்லாம் சொன்னேன். ஒரு மாதம் கழித்து டைமிங் லைட் வைத்துப் பார்த்தபோது டிஸ்ட்ரிபியூட்டர் கோடிக்குப் போனது. அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பப் பிரித்தால் இரண்டு மணி நேர வேலை. ஆனால் பிரித்தால் ஏன் பிரிக்கிறீர்கள் என்று நீ கேட்பாய். அதற்குள் அந்த வேடிக்கையை ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பெயிண்ட் எதற்கு என்றால், பின்னால் வேறு மெக்கானிக் எவனாவது திறந்தால், ஃபோர்மேன் ஏதோ காரணமாகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைக்கட்டும் என்றுதான். அந்தப் புள்ளியை வைத்தது என் மோதிர விரல். இன்றைக்கும் நினைவிருக்கிறது.

நீ கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டுவதைக் குறைத்தாய். பிறகு சாவியைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, ஓட்டுவதை எனக்கே விட்டுவிட்டாய். உன்னைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன், நீயும் சேர்ந்து சிரித்தாய். அதைத்தான் இந்த மாடி அறையில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என்னை மன்னித்துவிடு. இதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு. மனைவி இருக்கும் ஊருக்கே மாற்றல் கேட்கிறவர்களுக்கு இந்த மாதம் ஒரு சலுகை வந்திருக்கிறது. விண்ணப்பம் இதோடு வைத்திருக்கிறேன். கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் வசிக்கப் போவதாக நீ ஒரு கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தெட்டாம் தேதிக்குள் இங்கே வந்துசேர வேண்டும். உனக்கு மனம் இருந்தால் போடு. எனக்கு வீட்டுக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

உன்,
ஃபோர்மேன்


பிப்ரவரி 20

அன்புள்ள லேப் அம்மாவுக்கு,

உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் இன்று காலை வந்தது. என்னுடையது நேற்றே தபாலில் போய்விட்டது. தயவுசெய்து உறைமேல் முத்திரையைப் பார். நீ கண்டுபிடித்த பிறகு எழுதியதில்லை அது.

தெரியும் என்பதுதான் பதில்.

நடுவில் வந்து உட்கார்ந்ததா? ஏழு வளைவும் மூன்றாம் கியரிலா? நான் ஓட்டியும் அப்படி ஏறியதில்லை.

ஃபோர்மேன்


பிப்ரவரி 24

ஃபோர்மேனுக்கு,

உங்கள் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முத்திரையைப் பார்த்தேன். நீங்கள் சொல்லாவிட்டாலும் பார்த்திருப்பேன். பத்தொன்பதுதான். பிடிபடுவதற்கு முன்பே சொல்லியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். மனதாரச் சொல்கிறேன், நன்றி.

வண்டி நன்றாக இருக்கிறது. நேற்றும் போய்வந்தேன். ஒன்றாம் தேதி சேருகிறேன். என் அண்ணனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வதானால் நீங்களே சொல்லுங்கள், அவர் நன்றாகச் சிரித்த மனிதர்.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடவில்லை. அப்படியே திருப்பி அனுப்புகிறேன். பெல்ட்டுக்காக அல்ல, பெயிண்டுக்காகவும் அல்ல. உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். அதில் சவால் இருக்கிறது, ஐம்பத்தைந்து நிமிடம் இருக்கிறது, எந்த விரலால் புள்ளி வைத்தீர்கள் என்பதுகூட இருக்கிறது. ஒரு நாள் மட்டும் இல்லை. நீங்கள் மறைத்திருந்தால்கூட எனக்குப் பேச ஏதாவது இருந்திருக்கும். உங்களுக்கு அது நினைவுக்கே வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால் நான் எழுதுகிறேன்.

நாலு வருடம் முன்பு, ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை பத்து மணிக்கு அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள். "உடனே வாம்மா, உன் பேரைத்தான் சொல்லிட்டே இருக்காங்க" என்றாள். நீங்கள் டிப்போவில் இருந்தீர்கள். உங்களுக்குப் போன் செய்தேன். நான் கேட்டு முடிப்பதற்குள், "நீ வண்டியை எடுக்காதே, மேட்டுல நின்னுட்டா என்ன பண்ணுவே? நான் வர்றேன்" என்றீர்கள். டிப்போவில் ஒரு பஸ் பிரிந்து கிடந்தது, விட்டு வர முடியவில்லை. உங்கள்மேல் அதில் குற்றம் இல்லை. மலை தாண்டிப் போக அடுத்த பஸ் இரண்டு மணிக்குத்தான் இருந்தது. ஒரு மணிக்கு வந்தீர்கள். மலையில் நீங்கள்தான் ஓட்டினீர்கள். இரண்டாம் கியரிலும் ஒன்றிலுமாக, மெதுவாக, வண்டி ஏறியது. நாம் போய்ச் சேர்ந்தபோது அம்மா போய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

போன வாரம் முழுக்க இதையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லேத்காரரிடம் கேட்டேன், ஒரு பல் பிந்தியிருந்தால் வண்டி மலை ஏறவே ஏறாதா என்று. "ஏறும்மா. முக்கி முனகி ஏறும். நடுவுல கொஞ்சம் நிறுத்தி ஆற வச்சுக்கணும், அவ்வளவுதான்" என்றார். ஆக அன்று என்னை நிறுத்தியது வண்டி இல்லை. அந்தப் பழுதோடேயே நான் போயிருக்க முடியும். பன்னிரண்டு மணிக்கு முன்னால் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியும். எனக்கு வராது என்று நான் நம்பியிருந்தேன். வரும் என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்குத்தான் நான் போன் செய்தேன்.

உங்களைத் தண்டிப்பதற்காக இதை எழுதவில்லை. ஒரே வீட்டில் இருந்தால் தினமும் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும், உங்களுக்கு வராது. அப்படி இருக்க என்னால் முடியாது.

அன்று காலை நான் மூன்று மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். வண்டி எதிரேதான் நின்றது. டாங்க் நிறைய பெட்ரோல் இருந்தது. சாவி என் கையில் இருந்தது. நீங்கள் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

லேப்